அத்தியாயம் 9: ஆப்ஷன் கடிதத்தைப் படிக்கும் முறை

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடி ஒளியிழைக் கேபிள் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். செலவு 1,224 கோடி ரூபாய். ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், ஹட் பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கேம்பல் பே ஆகிய இடங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பை நம்பிக் கிடந்த தீவுகளில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வேலையை வீட்டிலிருந்து செய்வது பெரும்பாடு. இன்று காராச்சர்மாவிலோ ஜங்கிலிகாட்டிலோ மாடி அறையில் உட்கார்ந்தபடி சென்னை நிறுவனத்துக்கும் பெங்களூரு நிறுவனத்துக்கும் வேலை செய்யலாம். அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு மெயின்லேண்டுக்குப் போன பிள்ளைகளில் சிலர் அந்த வேலையோடு ஊர் திரும்பவும் வழி பிறந்திருக்கிறது.

அப்படி வேலைக்குச் சேர்பவர்களில் சிலருக்கு நியமனக் கடிதத்தோடு இன்னொரு கடிதமும் வரும். ‘உங்களுக்கு 5,000 ஊழியர் பங்கு ஆப்ஷன்கள் வழங்கப்படுகின்றன’ என்று அதில் எழுதியிருக்கும். அலுவலகங்களில் இதை ஈசாப் என்கிறார்கள். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கடிதத்தைப் பற்றியது.

இந்தத் தீவுகளில் பல தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை என்றால் அரசு வேலைதான். துறைமுகம், பொதுப்பணித் துறை, மின்துறை, பள்ளிக்கூடம் என்று ஏதோ ஒன்று. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்களுக்கும் சம்பளம் தந்தது அரசுதான். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, தீவு சிறப்புப் பணிப்படி, ஓய்வூதியம் என்று ஒவ்வொன்றும் விதிப்படி வந்து சேரும். வராவிட்டால் கேட்க முடியும். அந்தப் பழக்கத்தோடு ஆப்ஷன் கடிதத்தைப் பார்க்கும் வீட்டில் பேச்சு இப்படித்தான் போகும்:

“5,000 பங்குன்னு போட்டிருக்கே, எப்பம்மா கைக்கு வரும்?”

“பங்கு இல்லப்பா, ஆப்ஷன். கம்பெனி வளர்ந்தாத்தான் காசு.”

“அப்ப அது ஒண்ணுமில்லன்னு சொல்லு.”

கையில் வந்த பணம் என்று எண்ணினாலும் பிழை, ஒன்றுமில்லை என்று ஒதுக்கினாலும் பிழை. ஒரு நிறுவனம் தன் எதிர்காலத்தைப் பற்றியும் உங்களைப் பற்றியும் என்ன நினைக்கிறது என்பதை நேர்காணலில் சொன்னதைவிட இந்தக் கடிதத்தில்தான் வெளிப்படையாக எழுதிக் கொடுக்கிறது. ஆனால் அது 5,000 என்ற எண்ணில் இருப்பதில்லை; அடுத்தடுத்த பக்கங்களின் நிபந்தனைகளில் இருக்கிறது.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். ஆப்ஷன் என்பது நிறுவனத்தின் பங்கை இன்றே குறித்துவைத்த விலையில் பின்னொரு நாளில் வாங்கிக்கொள்ளும் உரிமை. மனைக்கு விலை பேசி எழுதிவைத்துக்கொண்டு, மூன்று வருடம் கழித்து ஊர் விலை ஏறியிருந்தால் பழைய விலைக்கே கிரயம் செய்துகொள்வதும், இறங்கியிருந்தால் வேண்டாமென்று விட்டுவிடுவதும் போன்றது அது. கட்டாயம் எதுவும் இல்லை. குறித்துவைத்த அந்த விலைக்கு எக்சர்சைஸ் விலை என்று பெயர். உரிமை உங்கள் பெயருக்கு முதிர்ந்து வருவது வெஸ்டிங். பணம் கட்டிப் பங்காக மாற்றுவது எக்சர்சைஸ். மாற்றும்வரை நீங்கள் பங்குதாரர் இல்லை. டிவிடெண்ட் கிடையாது, ஓட்டும் கிடையாது.

கட்டாயம் இல்லை என்பதன் மதிப்பை எல்ஐசி பங்கு வெளியீடு நன்றாகக் காட்டியது. 2022 மே மாதம் ஒரு பங்கின் வெளியீட்டு விலை 949 ரூபாய். ஊழியர்களுக்கு 45 ரூபாய் தள்ளுபடி, ஆக 904. மே 17 அன்று தேசியப் பங்குச் சந்தையில் அது 872 ரூபாய்க்குத்தான் தொடங்கியது. தள்ளுபடியில் வாங்கிய ஊழியரும் முதல் நிமிடத்திலேயே பங்குக்கு 32 ரூபாய் நட்டத்தில் நின்றார். அது ஊழியருக்கான பங்கு ஒதுக்கீடு. பணத்தை முன்பே கட்டியாயிற்று. 2018-19 வாக்கில் சில பொதுத்துறை வங்கிகள் ஊழியர்களுக்குத் தள்ளுபடி விலையில் பங்கு கொடுத்ததும் இதே வகை. அதே 904 ரூபாய்க்கு ஆப்ஷன் இருந்திருந்தால் ஊழியர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கலாம். உங்களிடம் வரும் திட்டம் ஆப்ஷனா, பங்கு வாங்கும் திட்டமா, விலையே கட்டாமல் வெஸ்டிங் முடிந்ததும் பங்கு கைக்கு வரும் ஆர்.எஸ்.யு.வா என்பதை முதல் வாசிப்பிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஆபத்து மூன்றிலும் வேறுவேறு.

போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஈசாப் என்ற சொல் கேபிளுக்கு முன்பும் ஓரளவு பழகியதுதான். ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி, ஆக்ஸிஸ் போன்ற தனியார் வங்கிகள் மேலாளர் நிலை ஊழியர்களுக்கு நெடுங்காலமாக ஆப்ஷன் கொடுத்துவருகின்றன. அவற்றுக்கு இங்கே கிளைகள் உண்டு. பட்டியலிட்ட வங்கியின் ஆப்ஷனில் கணக்கு எளிது. சந்தை விலை தினமும் தெரியும், விற்க ஆள் தேட வேண்டாம். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி பட்டியலிடாத நிறுவனங்களைப் பற்றிப் பேசுவது அதனால்தான். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பட்டியலிடாத நிறுவனத்தின் ஆப்ஷன் பணமாவதற்கு நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் உதாரணம் ஃபிரெஷ்வொர்க்ஸ். 2010இல் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் ஒரு பங்கு 36 டாலர் என்ற விலையில் வெளியீடு கண்டது. அன்று மாலை 47.55 டாலரில் முடிந்தது. இந்தியாவில் 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் அன்று கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்றும், அவர்களில் சுமார் 70 பேர் முப்பது வயதைக்கூட எட்டாதவர்கள் என்றும் மாத்ருபூதம் சொன்னார். அந்தச் செய்தி தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் ஈசாப் என்ற சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது உண்மையான செல்வம். உழைத்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்த செல்வம். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அதே பங்கு 2022 இறுதியில் 15 டாலருக்கும் கீழே இருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். பங்கு வெளியீட்டுக்குப் பிறகு ஊழியர்கள் சில மாதங்கள் விற்க முடியாதபடி தடைக்காலம் இருப்பது வழக்கம். முதல் நாள் விலையை வைத்துக் கணக்குப் போடுவது, விற்க முடியாத நாளின் விலையை வைத்துப் போடும் கணக்கு. ஃபிரெஷ்வொர்க்ஸிலேயே 2013இல் சேர்ந்தவருக்கும் 2021இல் சேர்ந்தவருக்கும் நிலைமை ஒன்றாக இருந்திருக்க முடியாது. முன்னவருக்குக் குறித்த விலை மிகக் குறைவு. 15 டாலரும் அவருக்கு லாபம்தான்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருவோம். 5,000 என்ற எண்ணைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்வி: மொத்தம் எத்தனையில் 5,000? எல்லா ஆப்ஷன்களும் முன்னுரிமைப் பங்குகளும் பங்காக மாறினால் நிறுவனத்தில் மொத்தம் 1 கோடிப் பங்கு இருக்கும் என்றால், உங்களுடையது 0.05 சதவீதம். மொத்தம் 50,000 என்றால் 10 சதவீதம். எண் அதேதான். இந்த மொத்தத்தைக் கேட்டால் நேர்மையான நிறுவனம் சொல்லிவிடும். ‘அதெல்லாம் ரகசியம்’ என்று பதில் வந்தால் அந்த ஆப்ஷனுக்கு உங்கள் மனக்கணக்கில் சுழியம் போட்டுவிட்டுச் சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மொத்தம் தெரிந்தாலும் போதாது. முதலீட்டாளர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு. நிறுவனம் விற்கப்பட்டால் அவர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள். 50 கோடி முதலீடு வாங்கிய நிறுவனம் 40 கோடிக்கு விலைபோனால் சாதாரணப் பங்குக்கு, அதாவது உங்களுக்கு, மிச்சம் எதுவும் இருக்காது. செய்தித்தாளில் ‘40 கோடிக்கு விற்பனை’ என்று வந்ததைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் வாழ்த்துச் சொல்வார்கள். கணக்கில் ஒன்றும் ஏறாது.

வெஸ்டிங் அட்டவணை பெரும்பாலும் நான்கு வருடம். வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் கழித்தே முதல் பகுதி முதிர வேண்டும் என்பது இந்தியச் சட்டம். பட்டியலிடாத நிறுவனங்களுக்கு 2014ஆம் ஆண்டின் பங்கு மூலதன விதிகளில் 12ஆம் விதியும், பட்டியலிட்டவற்றுக்குப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் இதையே சொல்கின்றன. பதினோராவது மாதத்தில் விலகினால் ஒன்றும் கிடையாது. வருடத்துக்கு 25 சதவீதம் என்று சமமாகப் பிரித்த அட்டவணை சாதாரணமானது. முதல் வருடம் 5 அல்லது 10 சதவீதம், கடைசி வருடம் 40 சதவீதம் என்று பின்பாரமாக வைத்திருந்தால், பலர் நான்கு வருடம் தங்கமாட்டார்கள் என்று எதிர்பார்த்தே அந்த நிறுவனம் திட்டம் போட்டிருக்கிறது என்று நான் படிப்பேன்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசும் நிபந்தனை, விலகிய பிறகு எத்தனை நாள் என்பது. வேலையை விட்டால் முதிராதவை போய்விடும், அது சட்டம். முதிர்ந்தவற்றைப் பங்காக மாற்றிக்கொள்ள நிறுவனம் கொடுக்கும் அவகாசம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். 30 நாள் கொடுப்பவர்கள் உண்டு, 90 நாள் உண்டு, ஐந்து வருடம், பத்து வருடம் கொடுப்பவர்களும் உண்டு. இதன் பாரம் புரிய ஒரு கணக்குப் போடுவோம்.

உங்களிடம் 2,500 ஆப்ஷன் முதிர்ந்திருக்கிறது. எக்சர்சைஸ் விலை 10 ரூபாய். வணிக வங்கியாளர் போட்ட மதிப்பீட்டின்படி இன்று பங்கின் மதிப்பு 210 ரூபாய். மாற்றும் நாளில் இந்த 200 ரூபாய் வித்தியாசம் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குட்படும். 2,500 பெருக்கல் 200, மொத்தம் 5 லட்சம். நீங்கள் 30 சதவீத வரி அடுக்கில் இருந்தால், 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 1,56,000 ரூபாய் வரி. பங்கின் விலை 25,000. ஆக 1,81,000 ரூபாய் கையிலிருந்து போக வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது இன்று யாரும் வாங்காத, நாளை வாங்குவார்களா என்று தெரியாத பங்கு. இதை 30 நாளுக்குள் முடிவு செய் என்று ஒரு நிறுவனம் எழுதியிருந்தால், முதிர்ந்த ஆப்ஷனைப் பெரும்பாலானோர் கைவிட்டுவிட்டுத்தான் போவார்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும். நீண்ட அவகாசம் கொடுக்கும் நிறுவனம், நீங்கள் உழைத்துச் சேர்த்தது உங்களுடையது என்று ஒப்புக்கொள்கிறது. என்னிடம் இரண்டு கடிதங்களைக் கொடுத்து எந்த நிறுவனம் நல்லது என்று கேட்டால் நான் முதலில் திறக்கும் பக்கம் இதுதான்.

வரியில் ஒரு சலுகை உண்டு. அதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ஸ்டார்ட்அப் ஊழியர்களுக்கு இந்த வரியைச் சுமார் ஐந்து வருடம் தள்ளிப்போட வழி செய்தது. ஆனால் ஸ்டார்ட்அப் என்று பதிவு பெற்ற எல்லா நிறுவனங்களுக்கும் அது பொருந்தாது. 80-ஐஏசி பிரிவின் கீழ் தனியாகச் சான்று பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே. பங்கை விற்றாலோ வேலையை விட்டாலோ தள்ளிப்போட்ட வரி உடனே வந்து நிற்கும். நிறுவனம் அதைப் பிடித்துக் கட்ட 14 நாள் அவகாசம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எண்ணை மறந்தாலும் பரவாயில்லை, ‘எங்கள் நிறுவனத்துக்கு அந்தச் சான்று இருக்கிறதா’ என்ற கேள்வியை மறக்காதீர்கள்.

பங்கை விற்கும் நாளில் இரண்டாவது வரி, மூலதன ஆதாயத்துக்கு. மாற்றிய நாளின் மதிப்புக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அதற்குக் கணக்கு. 2024 ஜூலை 23 முதல், பட்டியலிடாத பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம். பட்டியலிட்ட பங்குக்கு 12 மாதம் போதும், வருடத்துக்கு 1.25 லட்சம் ரூபாய் வரையான நீண்டகால ஆதாயத்துக்கு வரி இல்லை.

தாய் நிறுவனம் அமெரிக்காவில் பதிவானது என்றால் உங்கள் பங்கு வெளிநாட்டுச் சொத்து. வருமான வரிப் படிவத்தில் அதற்கென உள்ள அட்டவணையில் ஒவ்வொரு வருடமும் காட்ட வேண்டும், விற்காவிட்டாலும். காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. 2024 அக்டோபர் முதல், வீடு மனை அல்லாத வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அந்த அபராதத்திலிருந்து விலக்கு கிடைத்திருக்கிறது. விலக்கு அபராதத்துக்குத்தான், காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

தீவிலிருந்து வேலை செய்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ‘அந்தமானில் எங்களுக்கு அலுவலகம் இல்லை, அதனால் உங்களை ஆலோசகராக ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்கிறோம், ஆப்ஷனும் தருகிறோம்’ என்று சொல்லும் நிறுவனங்களைச் சந்திக்க நேரலாம். 12ஆம் விதியின்படி பட்டியலிடாத இந்திய நிறுவனம் ஆப்ஷன் கொடுக்கக்கூடியது நிரந்தர ஊழியருக்கும், சுயேச்சை இயக்குநர் அல்லாத இயக்குநருக்கும்தான். அதன் தாய் நிறுவனம், துணை நிறுவனம் ஆகியவற்றில் இருப்பவர்களும் இதில் அடங்குவர். மாதாமாதம் பில் போட்டுப் பணம் வாங்கும் ஒப்பந்தக்காரர் இந்த வரையறைக்குள் வருவதில்லை. அவருக்குக் கொடுத்த ஆப்ஷன் கடிதம், நாளை நிறுவனம் விலைபோகும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் அடித்துப்போடும் காகிதமாகிவிடலாம். ஊழியராக நியமனம் கேளுங்கள். அது முடியாதென்றால் பங்கின் மதிப்பை வைத்து ரொக்கம் தரும் ஒப்பந்தமாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆப்ஷன் உண்மையிலேயே வழங்கப்பட்டதா என்று சரிபார்க்கவும் வழியுண்டு. நிறுவனம் எஸ்.எச்.6 என்ற படிவத்தில் ஊழியர் ஆப்ஷன் பதிவேடு வைத்திருக்க வேண்டும்; உங்கள் பெயர் அதில் ஏற வேண்டும். திட்டத்துக்குப் பங்குதாரர் தீர்மானம் இருக்க வேண்டும். தீர்மானத்தின் தேதியையும் திட்ட ஆவணத்தின் பிரதியையும் கேட்டு வாங்கி வையுங்கள். மனிதவளத் துறை அனுப்பிய மின்னஞ்சல் மட்டும் ஆதாரம் ஆகாது.

இதுவரை சொன்னது கடிதம் வாங்குபவருக்கு. அதே ஆப்ஷன்களை வெளியிலிருந்து பார்க்கும் பங்கு முதலீட்டாளருக்கும் அவை பேசும். இயக்குநர்களின் அறிக்கையில் அந்த வருடம் எத்தனை ஆப்ஷன் வழங்கப்பட்டது, எந்த விலையில், எத்தனை காலாவதியானது, உயர் அதிகாரிகளுக்கு எவ்வளவு, அந்த வருட ஆப்ஷன்களில் 5 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கிய ஊழியர் யார் என்பதெல்லாம் வர வேண்டும். பெரும்பகுதி நான்கைந்து பேருக்கே போயிருந்தால் அந்தத் திட்டம் எதற்காக இருக்கிறது என்பது புரிந்துவிடும். காலாவதியானவற்றின் எண்ணிக்கை பெருத்துக்கொண்டே போனால் ஆட்கள் நிற்கவில்லை என்று பொருள். பங்கு விலை விழுந்தபின் எக்சர்சைஸ் விலையைக் குறைத்துக் கொடுக்கவும் செபி விதியில் இடமுண்டு, பங்குதாரர் ஒப்புதலோடு. ஊழியரைத் தக்கவைக்க அது தேவைப்படலாம். சந்தையில் பணம் போட்டவருக்கு அப்படி யாரும் விலையைக் குறைத்துத் தருவதில்லை என்பதால் அந்தத் தீர்மானத்தின் காரணத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

எந்தத் தேதியில் வழங்கினார்கள் என்பதும் செய்திதான். அமெரிக்காவில் டேவிட் யெர்மாக் 1997இல் வெளியிட்ட ஆய்வு, தலைமை அதிகாரிகளுக்கு ஆப்ஷன் வழங்கிய உடனே நல்ல செய்தி வந்து பங்கு ஏறுவது வழக்கமாக இருப்பதைக் காட்டியது. 2005இல் எரிக் லீ இன்னும் ஆழமாகப் போனார். வழங்கிய நாளுக்கு முன் பங்கு இறங்குவதும் பின் ஏறுவதும் தற்செயல் என்று சொல்ல முடியாத அளவுக்குத் துல்லியமாக இருந்தன. சில நிறுவனங்கள் விலை குறைவாக இருந்த பழைய நாளைப் பின்னால் தேடிப்பிடித்துத் தேதி போட்டிருக்க வேண்டும் என்றார். 2006இல் பத்திரிகைகள் அதைத் தோண்டின. விசாரணைகள் வந்தன, தலைமை அதிகாரிகள் பதவி இழந்தார்கள், ஒருசிலர் சிறை வரை போனார்கள்.

நம் நாட்டில் அண்மைக்காலத்தில் அதிகம் பேசப்பட்டது பேடிஎம். 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்ட நிறுவனம் அது. முதல் நாளே கால்வாசிக்கு மேல் மதிப்பு போனது. அதன் நிறுவனர் விஜய் சேகர் சர்மாவுக்கு வெளியீட்டுக்கு முன்பு 2.1 கோடி ஆப்ஷன்கள் கொடுக்கப்பட்டிருந்தன. பட்டியலிட்ட நிறுவனத்தில் புரமோட்டருக்கும், 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் இயக்குநருக்கும் ஈசாப் கிடையாது என்பது அப்போதைய செபி விதி. அவர் புரமோட்டராகக் காட்டப்படவில்லை. ஆகவே பெறத் தகுதி உண்டா என்று செபி கேள்வி எழுப்பியது. 2025 ஏப்ரலில் அந்த 2.1 கோடி ஆப்ஷன்களையும் அவர் விட்டுக்கொடுத்தார். அதே நிறுவனம் 2022 டிசம்பர் காலாண்டில், ஈசாப் செலவைக் கழிக்காமல் பார்த்தால் 31 கோடி ரூபாய் இயக்க லாபம் என்று அறிவித்தது. நிகரக் கணக்கில் அந்தக் காலாண்டு 392 கோடி நட்டம். தேய்மானம் போன்ற வேறு செலவுகளும் அந்த இடைவெளியில் உண்டு. பெரும்பங்கு ஈசாப் செலவுதான். ‘ஈசாப் செலவுக்கு முன்’ என்ற அடைமொழியோடு லாபம் சொன்னால், ஊழியருக்குக் கொடுத்ததும் பங்குதாரரின் சொத்துதான் என்பதை நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

நல்ல அறிகுறிகளும் உண்டு. 2022 டிசம்பரில் போன்பே பிரிந்துபோனதால் ஃபிளிப்கார்ட் ஆப்ஷன்களின் மதிப்புக் குறைந்தது. அந்த நிறுவனம் 2023இல் ஊழியர்களுக்கும் முன்னாள் ஊழியர்களுக்குமாகச் சுமார் 70 கோடி டாலர் ஈடு கொடுத்தது. விலகிப்போனவர்களையும் கணக்கில் சேர்த்தார்கள் என்பது அதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தத் தொகைக்கு வரி உண்டா என்ற வழக்கில் 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் இல்லை என்றது, சென்னை உயர் நீதிமன்றம் உண்டு என்றது. அந்தமான் வருவது கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் கீழ், ஆகவே அந்த இரண்டு தீர்ப்பும் இங்கே நேராகக் கட்டுப்படுத்தாது.

இதோடு ஒட்டிய நடைமுறை விஷயம்: தகராறு வந்தால் எங்கே போவது? நீங்கள் இருக்கும் ஊரை வைத்து அது முடிவாவதில்லை. நிறுவனம் அந்தமானில் பதிவானது என்றால் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் கொல்கத்தா அமர்வு. தமிழ்நாட்டில் பதிவானது என்றால் சென்னை அமர்வு. பல திட்டங்களில் நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்றும், நடுவர் உட்காரும் இடம் பெங்களூரு என்றோ டெலவேர் என்றோ எழுதியிருக்கும். கையெழுத்துக்கு முன்பு, ‘நடுவர் விசாரணையைக் காணொலி வழியே நடத்தலாம்’ என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நிறுவனத்துக்கு அதில் ஒரு பைசா செலவில்லை. கப்பலோ விமானமோ ஏறித்தான் எங்கும் போக வேண்டிய உங்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

கடைசியாக நாமினி. 12ஆம் விதியின்படி ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்துவிட்டால், அதுவரை வழங்கிய ஆப்ஷன்கள் அனைத்தும், முதிராதவையும் சேர்த்து, வாரிசுக்கோ நாமினிக்கோ முதிர்ந்துவிடும். பணியில் நிரந்தர ஊனம் ஏற்பட்டாலும் அந்த நாளே ஊழியருக்கு எல்லாம் முதிரும். ஓய்வூதியத்துக்கும் வைப்பு நிதிக்கும் நாமினி எழுதிவைக்கும் வீடுகளில்கூட ஆப்ஷனுக்கு எழுதுவதில்லை. பலருக்கு அப்படியொரு படிவம் இருப்பதே தெரியாது. படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். நாமினியிடம் மூன்று தகவல்களை எழுதிக் கொடுங்கள்: நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், எக்சர்சைஸ் விலை, இறப்புக்குப் பின் எத்தனை மாதத்துக்குள் பணம் கட்டி மாற்ற வேண்டும் என்ற கெடு. இந்தக் கெடு திட்ட ஆவணத்தின் பின்பகுதியில், விலகல் விதிகளுக்கு அருகில் இருக்கும். பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ. அலுவலக மின்னஞ்சலுக்கு மட்டும் வந்த கடிதத்தைக் குடும்பத்தால் திறக்க முடியாது. சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, அச்செடுத்த இன்னொன்றை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.